கருப்பட்டியைக் கேட்காத கடிதம்

சேத்தூர்
10-12-1989

அன்பு மகள் பரிபூரணத்துக்கு அப்பா சங்கரலிங்கம் சொல்லி எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன், தோப்பு இருக்கிறது, உன் அம்மா படத்துக்குப் போட்ட மாலை காய்ந்து தொங்குகிறது. நீயும் அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைக் கேட்ட பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

பஸ் ஸ்டாப் தையல்கடை பீர் மைதீன் மிஷினை நிறுத்திவிட்டு வாசித்தான். மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். "மாமா, எத்தன தடவ வாசிச்சாலும் அதேதான் எழுதியிருக்கும். வாசிக்க வாசிக்க மாறாது" என்கிறான். நான் மாறுமா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

உன் காலேஜ் போர்டில் ஒரு நோட்டீஸ் பார்த்தாயாம். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற இடம் ஒன்று, உன்னைப் போலப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைக் கோடை லீவுக்குக் கூப்பிடுகிறதாம். வழிச்செலவு அவர்களே கொடுப்பார்களாம். தங்க இடமும் சோறும் உண்டாம். அதற்கு மேல் மாசாமாசம் கையில் பணமும் உண்டாம். ஓரிடத்தில் வேலை என்று எழுதியிருக்கிறாய், இன்னோரிடத்தில் படிப்பு என்று எழுதியிருக்கிறாய். இரண்டில் எது, தாயி?

காசு வாங்கிக்கொண்டு படிப்புச் சொல்லிக் கொடுக்கிறவர்களைத் தெரியும். வேலை வாங்கிக்கொண்டு காசு கொடுக்கிறவர்களையும் தெரியும். வழிச்செலவும் கொடுத்து, சோறும் போட்டு, கையில் காசும் வைக்கிறேன் என்று சொன்ன ஒருத்தனை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் குடை பிடித்திருந்தான். அதை இப்போது சொல்ல எனக்கு மனசில்லை.

யார் கொடுக்கிறார்கள்? எதற்குக் கொடுக்கிறார்கள்? நடுவில் வீட்டுக்கு வர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வர விடுவார்களா? முதல் இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடைசிக் கேள்விக்கு எழுது.

சித்திரையில் நான் மாந்தோப்பில் காவல் இருக்கும்போது நீ வந்து எனக்குச் சமைத்துப் போடுவாய், அது இந்த வருசம் இல்லையே என்று நான் சொல்லவில்லை. மைதீன், இதை எழுதாதே. அவன் கை ஓடுவதைப் பார்த்தால் எழுதிவிட்டான் என்று தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா சங்கரலிங்கம்
(சொன்னபடி எழுதியது பீர் மைதீன்)


மதுரை
17-12-1989

அன்புள்ள அப்பா,

மைதீன் மாமா, இதை மெதுவாக வாசியுங்கள். அப்பா நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார், கோபப்படாதீர்கள்.

அது வேலையும்தான், படிப்பும்தான் அப்பா. இதுவரை யாருக்கும் விடை தெரியாத ஒன்றைத் தேடிப் பார்ப்பதைத்தான் ஆராய்ச்சி என்கிறார்கள். அந்த இடத்தில் பருத்திச் செடியின் இலை சுருண்டு போகிற நோயைப் பற்றிப் பார்க்கிறார்கள்.

அந்த நோட்டீஸ் பழைய டைம்டேபிளுக்கு அடியில் கிடந்தது. முழுசாகப் பார்க்கலாம் என்று ஊசியைக் கழற்றியதற்கு அட்டெண்டர் திட்டினார். எங்கள் தாவரவியல் சௌதா மேடத்திடம் கேட்டேன். "நோட்டீஸ் வரட்டும்னு உக்காந்திருந்தா ஒண்ணும் கிடைக்காது, நீயே எழுதிக் கேளு" என்றார். லைப்ரரியில் விஞ்ஞானப் பத்திரிகைகளை எடுத்து, கட்டுரை எழுதியவர்களின் விலாசங்களைப் பார்த்து எழுதி எழுதிப் போட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர், மேல்படிப்பு முடித்துவிட்டு வா என்றார். இன்னொருவர், இடம் உண்டு, பணம் தர முடியாது என்றார். பணம் தராத ஊருக்கு நான் எப்படிப் போய்ச் சாப்பிடுவது? அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

பெங்களூர் புரொபசர் மட்டும் ஒரு கார்டில் ஒரே வரி எழுதினார். "உனக்கு ஏன் பருத்தியில் அக்கறை?" என்று. என் அப்பா ராஜபாளையம் மில்லில் பஞ்சு பேல் மூட்டை தூக்கியவர், அவர் இருமுகிற சத்தத்தில் நான் வளர்ந்தேன் என்று எழுதினேன். நோட்டீஸில் சொன்னபடி விண்ணப்பம் போடு என்று பதில் வந்தது.

பணம் சர்க்கார் கொடுப்பது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வந்தால் போதாது என்றுதான் கொடுக்கிறார்கள். மாசம் முடிந்த பிறகுதான் தருவார்கள், முன்கூட்டியே இல்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நோட்டீஸில் பதில் இல்லை அப்பா. சௌதா மேடத்திடம் கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று சிரித்தார்.

சம்மதக் கடிதத்தில் உங்கள் கைநாட்டு வேண்டும். ஜனவரி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். உள்ளே வைத்திருக்கிறேன். வெள்ளைக் குடைக்காரர் யார்? நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லையே.

அன்பு மகள்,
பரிபூரணம்


சேத்தூர்
2-1-1990

அன்பு மகள் பரிபூரணத்துக்கு,

கைநாட்டு வைக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ கோபத்தோடு மிச்சத்தைப் படி.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். வெள்ளத்தாய். நான் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயதில் அவளுக்குத் தாவணி போட்டிருந்தார்கள். தேவதானம் கண்மாய்க்கு என்னை இடுப்பில் தூக்கிப் போவாள். அந்த வருசம் மழை இல்லை. மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருத்தன் வந்தான். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். நிழலில் இருந்தும் குடையை மடக்கவில்லை. வழிச்செலவு என் பொறுப்பு, சோறு என் பொறுப்பு, கம்பளி என் பொறுப்பு, மாசம் பொறந்தா காசு என்றான். என் அய்யா கையில் அட்வான்ஸ் வைத்தான். காகிதத்தில் அய்யா பெருவிரலை உருட்டி வாங்கிக்கொண்டான். அய்யா சாயங்காலம் வரைக்கும் விரலை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருந்தார். மை போகவில்லை.

அக்கா பயப்படவே இல்லை. சிரித்துக்கொண்டு போனாள். போகும்போது ஒரு கருப்பட்டித் துண்டைக் கடித்து, பாதியைத் தின்றுவிட்டு, மீதியை இலையில் சுற்றிக் கூரை ஓலையில் சொருகினாள். "ஏலே, நான் வார வரைக்கும் இதத் தொடக்கூடாது. ஒவ்வொரு கடுதாசியிலயும் கேப்பேன். தின்னேன்னு தெரிஞ்சுது, காத முறுக்கிருவேன்" என்றாள்.

இரண்டு கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. கடைக்காரர் வாசித்தார். சுகமாக இருக்கிறேன், வேலை லேசு, கம்பளி கொடுத்தார்கள் என்று இருந்தது. வீடே சந்தோசப்பட்டது. நான் மட்டும் கருப்பட்டியைக் கேட்டிருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்றார். "அப்ப இது அக்கா எழுதுனது இல்ல" என்றேன். அம்மா தலையில் குட்டினாள்.

பிறகு தேவதானத்து ஆள் ஒருத்தன் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்து சொன்னான். போன முதல் மழையிலேயே காய்ச்சலில் அவள் செத்துப்போனாளாம். காய்ச்சல் வந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டாளாம். அட்வான்ஸ் கழியவில்லை என்று விடவில்லையாம். கடிதம் இரண்டும் கங்காணியின் கணக்குப்பிள்ளை எழுதியது. இரண்டாவது வந்தபோது அவள் உயிரோடே இல்லை.

இன்றைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கு அட்வான்ஸ் வாங்கின வீட்டுப் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் தூங்கிக்கொண்டே பஸ் ஏறுவதைப் பார்க்கிறேன். நீ சர்க்கார் என்கிறாய். இருக்கலாம். கைநாட்டு எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரிதானே விழுகிறது?

மைதீன் மூக்கை உறிஞ்சுகிறான். ஜலதோசம் என்கிறான்.

இப்படிக்கு,
அப்பா


மதுரை
8-1-1990

அன்புள்ள அப்பா,

கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது கோபம் இல்லை. அத்தையைப் பற்றி இத்தனை வருசம் நீங்கள் வாய் திறக்கவில்லையே.

கைநாட்டு வைக்க வேண்டாம். சித்திரைக்குத் தோப்புக்கு வந்துவிடுகிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் பயமாக இருக்கிறது. அங்கே எல்லாரும் இங்கிலீஷில் பேசுவார்கள். எனக்கு வாசிக்க வரும், வாயில் வராது. பெரிய ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். போன வாரம் நான் எதையோ உடைத்துவிட்டதாகவும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பதாகவும் கனவு கண்டேன். நீங்கள் வேண்டாம் என்றதும் ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அப்பா எனக்கு அழுகை வந்தது.

மகள்,
பரிபூரணம்


சேத்தூர்
15-1-1990

அன்பு மகள் பரிபூரணத்துக்கு,

பொங்கல் வைக்கவில்லை. மைதீன் சம்சாரம் மெகராஜ் பேகம் நெய்ச்சோறு கொடுத்துவிட்டாள். "பொங்கலுக்கு நெய்ச்சோறு திங்கிற ஒரே ஆளு நீரு தான்" என்று இவன் கேலி பண்ணுகிறான்.

பயமாக இருக்கிறது என்று நீ எழுதியதை இவன் வாசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வெள்ளத்தாய்க்குப் பயமே இல்லை. இருந்திருந்தால் யார், எவர், திரும்பி வர முடியுமா என்று கேட்டிருப்பாள். நீ பயப்படுகிறாய். விலாசம் தேடி எழுதிக் கேட்டிருக்கிறாய், பணம் தராதவனை வேண்டாம் என்றிருக்கிறாய், என் கேள்வியைக் கொண்டுபோய் டீச்சரிடமும் கேட்டிருக்கிறாய். உன் பயம் உன்னோடு கூடவே வரட்டும். எனக்கு அது ஒரு துணை மாதிரி.

கைநாட்டு வைத்துவிட்டேன். முதல் தடவை தீற்றிவிட்டது. பக்கத்தில் இன்னொன்று வைத்திருக்கிறேன். இரண்டும் நான்தான் என்று சொல். மையை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். மண்ணில் தேய்க்கவில்லை.

ஒரு நிபந்தனை. நான் ஒவ்வொரு கடிதத்திலும் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பேன். நீ பதில் எழுத வேண்டும். பதில் இல்லாமல் "சுகம்" என்று மட்டும் கடிதம் வந்தால் நான் புறப்பட்டு வந்துவிடுவேன். உன்னை மதுரையில் சேர்க்க வந்ததை விட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு அந்தப் பக்கம் நான் போனதில்லை. ஆனாலும் வருவேன்.

முதல் கேள்வி. சின்ன வயதில் எந்த மாமரத்திலிருந்து விழுந்தாய்? பெங்களூர் போய்ப் பதில் எழுது.

இப்படிக்கு,
அப்பா


பெங்களூர்
29-4-1990

அன்புள்ள அப்பா,

வந்துவிட்டேன். இடம் கிடைத்ததே இன்னும் நம்ப முடியவில்லை. முதலில் பதில்: பஞ்சவர்ண மரம். சரியா?

உங்களுக்காக வாசலைப் பார்த்து வைத்தேன். பெரிய இரும்புக் கதவு. காவலுக்கு ஒரு தாத்தா இருக்கிறார். பகலில் திறந்தே கிடக்கிறது. ஹாஸ்டல் கதவை ராத்திரி பூட்டுகிறார்கள். சாவி உள்பக்கம்தான் தொங்குகிறது.

ஆனால் பயம் போகவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது நான் செத்த நேரம் கழித்துச் சிரிக்கிறேன். இரண்டாம் நாளே ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டேன். பணத்தில் பிடிப்பார்கள், கழியும் வரை விடமாட்டார்கள் என்று பயந்து, துண்டுகளைத் துப்பட்டாவில் முடிந்து ஹாஸ்டலில் ஒளித்து வைத்தேன். உங்கள் கதை எனக்குள்ளும் இறங்கிவிட்டது பாருங்கள். மறுநாள் அங்கே ஆராய்ச்சி செய்கிற ஒரு அக்கா குழாய்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "உடைஞ்சுதா? கை கிழிக்கலையே?" என்றார். அவ்வளவுதான். வேறு எடுத்துக் கொடுத்தார்.

எனக்கென்று ஒரு தட்டுப் பருத்திச் செடி கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் இலைகளைப் பார்த்து எழுதுகிறேன். சுருளாத இலையைப் பார்த்தால் சந்தோசம். ஆனால் சுருண்டால்தான் வேலை நடக்கும்.

வெயிலில் நிற்காதீர்கள். தோப்பில் காவல் பரண்மேல் ஏறி உட்காராதீர்கள்.

மகள்,
பரிபூரணம்


சேத்தூர்
8-5-1990

அன்பு மகள் பரிபூரணத்துக்கு,

பதில் தப்பு. பஞ்சவர்ணம் இல்லை, சப்பட்டை மரம். அம்மா கஞ்சி கொண்டுவந்த நேரம். நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய். பஞ்சவர்ணத்தில் இருந்து விழுந்தது அடுத்த வருசம், அதற்கு நீ அழவில்லை.

வாசித்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. வேறு யாரோ எழுதியது என்று எழுந்துவிட்டேன். மைதீன் துண்டைப் பிடித்து உட்காரவைத்து, "மாமா, கணக்குப்பிள்ள எழுதியிருந்தா அவகிட்ட கேட்டு சரியா எழுதியிருப்பான். இம்புட்டுத் தைரியமா தப்பா எழுத உம்ம மகளாலதான் முடியும்" என்றான். யோசித்துப் பார்த்தேன், சரிதான். ஒன்றாம் வகுப்பில் இருந்தே நீ இப்படித்தான். உன் மறதிதான் உன் கையெழுத்து.

சாவி உள்பக்கம் தொங்குகிறது என்பதை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன்.

இங்கே காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. குரங்குத் தொல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இடது கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, பார்த்தால் எறும்பு இல்லை. நேற்று நான் மைதீன் கடையில் வந்து நின்றபோது, இவன் பேர் வாயில் வராமல் இவனிடமே கேட்டேன். இவன் விளையாட்டு என்று நினைத்தான். நானும் விளையாட்டு என்று சொல்லிவிட்டேன். மைதீன், இதை எழுதாதே.

அடுத்த கேள்வி. அம்மா கடைசியாகச் செய்த மாவடு யாருக்குக் கொடுத்தோம்?

இப்படிக்கு,
அப்பா


பெங்களூர்
15-5-1990

அன்புள்ள அப்பா,

பெத்தம்மாள் சித்திக்கு. இது சரி, எனக்குத் தெரியும்.

கையைப் பற்றி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. மைதீன் மாமா, அவர் எழுதாதே என்று சொன்னதை எழுதியதற்கு உங்களுக்குப் புண்ணியம். ராஜபாளையம் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். காய் பறிப்பு முடியட்டும் என்பார். கேட்காதீர்கள்.

இந்தத் தடவை கேள்வி நான் கேட்கிறேன் அப்பா. காலேஜில் சேர்க்க வந்த அன்றைக்கு மதுரை பஸ் ஸ்டாண்டில் என் கையில் என்ன கொடுத்தீர்கள்? நீங்கள் எதையும் மறக்கிறவர் இல்லை. உடனே பதில் வேண்டும்.

மகள்,
பரிபூரணம்


ராஜபாளையம்
26-5-1990

பரிபூரணம்,

மைதீன் மாமா எழுதுகிறேன். பயப்படாமல் வாசி. உன் கடிதம் வந்த மறுநாள் அப்பா தோப்பில் மயங்கி விழுந்துவிட்டார். இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தலைக்குள் ரத்தம் உறைந்துவிட்டதாம். உயிருக்கு இப்போது பயமில்லை என்கிறார் டாக்டர். இடது கை தூக்க வரவில்லை. பேச்சு இருக்கிறது. ஆனால் ஆளும் காலமும் மாறி மாறிப் போகிறது. உன் அத்தை வாசலில் நிற்பதாகச் சொல்கிறார். உன் கேள்வியை வாசித்துக் காட்டினேன். மதுரைக்கு நான் எப்போது போனேன் என்று என்னிடமே கேட்டார்.

இன்று காலை "எழுதுலே" என்றார். சொன்னதை எழுதுவது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எப்போதும் அவர் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றுவேன். இன்றைக்கு மாற்ற எனக்குக் கை வரவில்லை. அப்படியே கீழே எழுதுகிறேன்.

அக்கா வெள்ளத்தாயி, சங்கரலிங்கம் சொல்லுதேன். கருப்பட்டிய நான் தொடல. சத்தியமாத் தொடல. எறும்பு ஏறுது, தெனமும் ஊதி ஊதி விடுதேன். அம்மா எடுத்துருவான்னு காவலுக்குப் படுத்துக்கிடக்கேன். ரெண்டு கடுதாசி வந்துச்சு. நீ கேக்கல. ஏன்க்கா கேக்கல? அய்யா வெரல மண்ணுல தேய்க்காரு, மை போகமாட்டேங்கு. அந்தக் கொடக்காரன் ஒன்ன விடுவானா? காய்ச்சல்னு சொல்லு. தம்பி அழுதான்னு சொல்லு. நீ கேட்டு ஒரு கடுதாசி போடு. கேட்டாத்தான் நீன்னு நம்புவேன். பசிக்குது, ஆனா நான் தொடல.


பெங்களூர்
31-5-1990

மைதீன் மாமாவுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. புரொபசர் அறை வாசலில் போய் நின்றேன். இங்கிலீஷ் எதுவும் வரவில்லை. "அப்பா, ஆஸ்பத்திரி" என்று தமிழில் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுந்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். போய் வா, செடிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், முடிந்தால் திரும்பி வா, முடியாவிட்டால் அடுத்த வருசம் எழுது என்றார். இந்த மாசத்துப் பணத்தையும் கையில் கொடுத்துவிட்டார்கள். யாரும் எதையும் கழிக்கவில்லை. லீவுக் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். எனக்கு முன்னால் வந்துவிடும்.

கீழே இருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். யார் எழுதியது என்று கேட்டால், தெரிந்த கையெழுத்துதான் என்று மட்டும் சொல்லுங்கள்.

தம்பி சங்கரலிங்கம்,

அக்கா வெள்ளத்தாய் எழுதுறேன். மொதல்ல இதச் சொல்லு. கூரையில நான் சொருகி வச்ச கருப்பட்டி இருக்கா? தொட்டியா? தொட்டிருக்க மாட்ட, எனக்குத் தெரியும்.

ஏலே, முந்தி வந்த ரெண்டு கடுதாசியும் நான் போட்டது இல்ல. நீ சொன்னதுதான் சரி. ஒன்னத் தவிர யாரும் கண்டுபிடிக்கல.

எனக்குக் காய்ச்சல் இல்ல. வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன். கொடக்காரன் ஒண்ணும் சொல்லல. சாவி உள்பக்கந்தான் தொங்குது. நானே தொறந்துக்கிட்டு வாரேன்.

ஊதி ஊதிக் காத்தது போதும். எடுத்து நீயே தின்னுரு. நான் காத முறுக்க மாட்டேன்.

அக்கா